பிழைக்கத் தெரியாத மையா குடும்பம்

ஏன்டா பேராண்டி, பெங்களூருல எம்.டி.ஆர். ஓட்டலோட முதல் கடைக்குள்ள போய், அடுப்படி வரைக்கும் சுத்திப் பார்த்துட்டு வரப் போறியாமே. உங்க பாட்டி சொன்னா. நல்ல காரியம்டா. கிருஷ்ணகிரி பைபாஸ்ல டிபன் கடை போட்டு முழுசா ஒரு ஆடி மாசத்தைக்கூட நீ பார்க்கல. அதுக்குள்ள இருபத்தஞ்சு ஊர்ல கிளை திறக்கணும்னு செவுத்துல மேப்பை ஒட்டி, சிவப்புக் குண்டூசி குத்தி வெச்சிருக்கே. உன்னைப் போல வேகமான ஆளு பெரிய இடங்களைப் பார்க்கணும்தான். ஆனா போறதுக்கு முந்தி இந்தக் கிழவன் சொல்றதைக் காதுல வாங்கிட்டுப் போ. அங்க இருக்கிறவங்களுக்குப் பொழைக்கத் தெரியாது. அவங்களைப் பார்த்து நீயும் கெட்டுப் போயிடக் கூடாதில்ல, அதுக்குத்தான்.

மொதல்ல ஒண்ணு, திங்கக்கிழமை போய் நிக்காதே. அன்னிக்குக் கடை லீவு. மத்த நாள்லயும் காலை டிபன் முடிஞ்சா கதவைச் சாத்திடுவாங்க, மதியச் சாப்பாட்டுக்குத்தான் திறப்பாங்க. அப்புறம் மறுபடி சாத்தி, சாயங்கால டிபனுக்குத் திறப்பாங்க. வெளியில ஒரு கூட்டம் வயித்தைத் தடவிக்கிட்டு நிக்கும். கூட்டம் நிக்கும்போது கல்லாவை மூடி வெக்கிறவனை என்னன்னு சொல்றது? நீ பாரு, போர்டுலயே '24 மணி நேரமும்'னு எழுதிட்டே. ராத்திரி ரெண்டு மணிக்கு மாஸ்டரு வெங்காய மூட்டை மேல தலை வெச்சுத் தூங்கறான். வந்தவன் தானே தோசை ஊத்திக்கிட்டாத்தான் உண்டு. இருந்தாலும் போர்டு போர்டுதான்.

ரெண்டாவது, முதல் கடை முதல் கடைன்னு குதிக்கிறியே, நீ பார்க்கப் போற லால்பாக் ரோட்டுக் கட்டடத்துக்கு அவங்க குடிவந்ததே 1960ல. தொழிலை ஆரம்பிச்சது 1924. உடுப்பிப் பக்கத்துல பாரம்பள்ளிங்கிற ஊர்ல இருந்து அண்ணன் தம்பி மூணு பேரு பொழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்தாங்க. பரமேஸ்வர மையா, கணப்பய்ய மையா, யக்ஞநாராயண மையா. பெரிய வீடுகள்ல சமையல் வேலை செஞ்சு, கையில நாலு காசு சேர்ந்ததும் லால்பாக் பக்கமா சின்னதா ஒரு கடை போட்டாங்க. காபியும் இட்லியும்தான் சரக்கு. 'பிராமின் காபி கிளப்'னு பேரு. புதுக் கட்டடத்துக்கு மாறினப்பதான் 'மாவள்ளி டிபன் ரூம்ஸ்'னு ஆச்சு. எத்தனை வருஷம்னு விரல் விட்டு எண்ணு. முப்பத்தாறு வருஷம், ஒரே கடை! நீயா இருந்தா அத்தனை வருஷத்துல லோகோவை மட்டும் முப்பத்தாறு தடவை மாத்தியிருப்பே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு மீசை அரும்புற வயசுல எங்கப்பன் ஓசூர்ப் பக்கமிருந்து கோஸ் மூட்டை ஏத்திக்கிட்டு பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்குப் போவாரு. துணைக்கு நானும் போவேன். விடியக்காலம் லோடை இறக்கி, மண்டிக்காரன்கிட்ட சீட்டு வாங்கிக்கிட்டு, மாவள்ளி வரைக்கும் நடந்தே போவோம். போனா ஓட்டலுக்குள்ள நுழையற வழியே அடுப்படி வழியாத்தான். சாப்பிட வந்தவன் யாரா இருந்தாலும் சமையல்கட்டைத் தாண்டிப் போய்த்தான் உட்காரணும். வழி தெரியாம நுழைஞ்சுட்டோம்னு நான் பயந்து பின்வாங்கினேன். எங்கப்பன் என் தோளைப் பிடிச்சு உள்ள தள்ளினாரு. ஒருத்தன் மாவு அரைக்கிறான், ஒருத்தன் கொப்பரையில இருந்து இட்லித் தட்டைத் தூக்கறான், ஆவி மூஞ்சியில அடிக்குது, கல்லுல ஊத்தின நெய்யி வாசனை வேட்டியில ஏறிக்குது. எங்களை ஒருத்தனும் ஏன்னு கேக்கல. பார்க்கட்டும்னேதான் அந்த வழியை வெச்சிருந்தாங்க.

பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமாடா? ஊருல எல்லா ஓட்டல்காரனும் 'அந்நியர்கள் உள்ளே வரக் கூடாது'ன்னு எழுதி மாட்டற கதவு எது? அதே கதவை இவங்க வாசலா வெச்சுட்டாங்க. உன் கடையிலயும் அந்தப் போர்டு பளபளன்னு மாட்டியிருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாததால படிக்காம உள்ள நுழைஞ்சுட்டேன். நேத்து அரைச்ச மாவும் முந்தாநாள் அரைச்ச மாவும் ஒரே டிரம்முல சண்டை சச்சரவு இல்லாமக் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. சட்னிக் கரண்டி சாம்பாருக்கும் போயிட்டு வந்துச்சு. டேபிள் துடைக்கிற துணியோட நிறத்தை நான் சொல்ல மாட்டேன், உங்க பாட்டி சாப்பிடற நேரம். வெளியில என்னவோ லைட்டு, செடி, கண்ணாடி, இங்கிலீஷ் பாட்டு எல்லாம் அருமையா இருக்குடா. கதவை மட்டும் எப்பவும் சாத்தியே வை. நாதாங்கி ஒண்ணு சேர்த்துப் போட்டாலும் தப்பில்லை.

மையா குடும்பத்தோட பொழைக்கத் தெரியாத்தனத்துக்கு இன்னொரு அத்தாட்சி கேளு. 1951ல யக்ஞநாராயண மையா ஐரோப்பாவுக்குப் போயிட்டு வந்தாரு. அந்தக் காலத்துல சீமைக்குப் போறதுன்னா ஊரே திரண்டு மாலை போட்டு அனுப்பும். போன மனுஷன் நாலு கோபுரம், நாலு அரண்மனை பார்த்தோமா, கோட்டு போட்டுப் படம் எடுத்துக்கிட்டோமான்னு வர வேண்டியதுதானே? இவரு அங்கத்து ஓட்டல்களை எப்படி நடத்தறாங்க, எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு வந்திருக்காரு. திரும்பி வந்து மெனுவுல ஒரு சீமைப் பலகாரம்கூட பெருமைக்குச் சேர்க்கல. தட்டு டம்ளரை நீராவியில சுத்தம் பண்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தாரு. சுத்தம், ஒழுங்குன்னு கடையையே மாத்தினாரு. சீமைக்குப் போய்ப் பாத்திரம் கழுவறதைக் கத்துக்கிட்டு வந்தவரை நம்ம பக்கத்துல என்ன சொல்லுவாங்கன்னு உனக்கே தெரியும். நீ போன வருஷம் துபாய் ஓட்டல் கண்காட்சிக்குப் போயிட்டு வந்தே. என்ன கொண்டுவந்தே? தோசைக்கு மேல புகை விடற ஒரு மெஷினு. அந்தப் புகையில எனக்கு மூணு நாளு இருமல். அதுதான்டா முன்னேற்றம்.

அங்க போனா ரவா இட்லி சாப்பிடாம வந்துடாதே. கூட உருளைக்கிழங்கு சாகு வரும், சின்னக் கிண்ணத்துல நெய்யும் வரும். அந்த இட்லி எப்படி வந்துச்சு தெரியுமா? ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிச்சதும், பர்மா அரிசி வர்றது நின்னு போச்சு. ஊரெங்கும் அரிசித் தட்டுப்பாடு. இட்லியை நம்பி நடக்கிற கடைக்கு இதைவிடப் பெரிய இடி ஏது? அப்பத்தான் ரவையை வறுத்து, தயிர் ஊத்தி, கடுகு முந்திரி தாளிச்சுக் கொட்டி, சோடா உப்பு போட்டு ஆவியில வெச்சுப் பார்த்திருக்காங்க. ஊற வெக்க வேண்டியதில்லை, அரைக்க வேண்டியதில்லை, ராத்திரி பூராப் புளிக்கட்டும்னு காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இன்னிக்கு ஊரூருக்கு விக்கிற ரவா இட்லி தங்களோட அடுப்படியில பிறந்ததுன்னு அவங்க சொல்லிக்கிறாங்க. அரிசி இல்லாத நாள்ல அடுப்புக்கு முன்னால நின்னு யோசிச்சவங்களுக்கு அது கிடைச்சுது. உனக்கு அரிசிக்கும் பஞ்சமில்லை, உளுந்துக்கும் பஞ்சமில்லை. அதனாலதான் 'சாக்லேட் சீஸ் தோசை'யைக் கண்டுபிடிச்சே. அதைத் தின்ன நம்ம கருப்பன் அடுத்த நாள் வாசலுக்கே வரல. நாயா இருந்தாலும் அதுக்கும் ஒரு நாக்கு இருக்கில்ல.

எமர்ஜென்சி கதையைக் கேட்டா உனக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்துல ஓட்டல்ல எந்தப் பலகாரத்தை என்ன விலைக்கு விக்கணும்னு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டுச்சு. அந்த விலையில நெய் ஊத்திப் பதார்த்தம் போட்டாக் கட்டுப்படி ஆகாது. பொழைக்கத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாடா? நெய்க் கிண்ணத்துல டால்டா பாதி. டிகாஷன்ல சிக்கரி முக்கால். தோசையில ஒரு விரக்கடை குறைச்சல். சாம்பாருல பருப்பு இருக்கிறதை ஒரு வதந்தின்னு ஆக்கிடலாம். சாப்பிடறவன் சந்தேகப்பட்டு முணுமுணுக்கறதுக்குள்ள எமர்ஜென்சியே முடிஞ்சிருக்கும். இந்தக் குடும்பம் என்ன பண்ணுச்சு? அதே சரக்கைப் போட்டு, அதே நெய்யை ஊத்தி, இன்னிக்கு எங்களுக்கு இவ்வளவு நட்டம்னு வாசல்ல எழுதி வெச்சுதாம். எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஓட்டலையே மூடிட்டாங்க. தரத்தைக் குறைக்க மாட்டேன்னு கடையை மூடின கதையை எந்தக் கல்லூரியில சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டுட்டு வா. நீ படிச்ச எம்.பி.ஏ.யில இருந்திருக்காது.

ஓட்டலை மூடினதும் கை கட்டி உட்காரல. பொடி, மசாலா, ரவா இட்லிக்குன்னு கலந்து வெச்ச மாவுன்னு பாக்கெட்ல போட்டு விக்கிறதுல முழு மூச்சா இறங்கினாங்க. வேலையாளுங்க பொழைப்பும் அதுலதான் நடந்துச்சுன்னு சொல்லுவாங்க. ஓட்டலை மறுபடி திறக்கப் பல வருஷம் ஆச்சு. அதுக்குள்ள பாக்கெட்டு ஊரூராப் போயிடுச்சு. மளிகைக் கடையில 'எம்.டி.ஆர்.'னு தொங்குதே, அது அந்த வழியில வந்ததுதான். அந்தப் பாக்கெட்டுக் கம்பெனியை 2007ல நார்வே நாட்டு ஆர்க்லா கம்பெனிக்கு வித்துட்டாங்க. ஓட்டலை விக்கல. பொடிக்கு நார்வேக்காரன் முதலாளி, அடுப்புக்கு மையா வீட்டுப் பிள்ளைங்க. இப்ப அந்தப் பேருல சிங்கப்பூர்ல கடை இருக்கு, லண்டன்ல இருக்கு, துபாய்ல இருக்கு. துபாய்க்குப் போன உனக்கு அது கண்ணுல படலியா? புகை மறைச்சிருக்கும்.

நீ உடனே உன் அமெரிக்கக் கதையை எடுப்பே, எனக்குத் தெரியும். "தாத்தா, மெக்டொனால்ட்ஸ்ல ரே கிராக்னு ஒருத்தன், அடுப்பையே தொடாம உலகம் பூராக் கடை போட்டான்"னு. அவனைப் பத்தின சினிமாவை உன் போன்ல எனக்கு ரெண்டு தடவை காட்டினே. ரெண்டு தடவையும் நீ பாதியில இருந்துதான் பார்த்தே, நான் முன்பாதியைப் பார்த்தேன். அதான் நம்ம ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

முன்பாதியில என்ன நடந்துச்சு? கலிபோர்னியாவுல சான் பெர்னார்டினோங்கிற ஊர்ல மெக்டொனால்டு சகோதரங்க ரெண்டு பேரு 1940ல கடை வெச்சாங்க. நல்லா ஓடின கடையை 1948ல மூணு மாசம் மூடிப்போட்டாங்க. எதுக்கு? அடுப்படியை மாத்தறதுக்கு. சில வருஷம் கழிச்சுப் புதுக் கட்டடம் கட்டறப்ப, டென்னிஸ் ஆடற திடல்ல சாக்பீஸால அடுப்படியை அளவு தப்பாம வரைஞ்சு, வேலையாளுங்களை அதுக்குள்ள நிக்க வெச்சு, ரொட்டி எங்க, கறி எங்க, எவன் எந்தப் பக்கம் திரும்பணும், எவன் மேல எவன் இடிக்கிறான்னு நடத்திப் பார்த்தாங்க. அழிச்சு அழிச்சு வரைஞ்சாங்க. 1948லயே மெனுவுல இருந்ததையெல்லாம் வெட்டித் தள்ளி, ஒம்போது அயிட்டத்தோட 15 செண்டுக்கு ஹாம்பர்கர் போட்டாங்க. நீ சொல்ற கிராக்கு 1954ல அங்க போனது மில்க் ஷேக் மெஷின் விக்கத்தான். ஒரே கடைக்கு எட்டு மெஷின் எதுக்குன்னு பார்க்கப் போன மனுஷன், அடுப்படியைப் பார்த்து அசந்து நின்னுட்டான். வித்தது அந்த அடுப்படியைத்தான்டா. அதைக் கண்டுபிடிச்சவங்க வேற, காசாக்கினவன் வேற.

கடைசியில என்ன ஆச்சு? 1961ல 27 லட்சம் டாலருக்கு அண்ணன் தம்பி பேரைக் கொடுத்துட்டாங்க. தங்களோட முதல் கடையை மட்டும் கையில வெச்சுக்கிட்டாங்க. ஆனா பேரு போயிடுச்சே? சொந்தக் கடைக்குச் சொந்தப் பேரை வெக்க முடியாம 'பிக் எம்'னு மாத்த வேண்டியதாப் போச்சு. கிராக்கு அதுக்குப் பக்கத்துலயே ஒரு மெக்டொனால்ட்ஸைத் திறந்தான். கொஞ்ச வருஷத்துல அண்ணன் தம்பி கடைக்குப் பூட்டு. இன்னிக்கு அந்த இடத்துல போய் முதல் கடையைக் காட்டுன்னு கேட்டா ஒரு மியூசியம் இருக்கு. அதைக்கூட நடத்தறது கோழி சுட்டு விக்கிற வேறொரு கம்பெனி. பெத்தவன் ஒருத்தன், பேரு வெச்சுக்கிட்டவன் ஒருத்தன், திதி கொடுக்கிறவன் மூணாவது ஆளு. இதைத்தான் நீ மாதிரின்னு செவுத்துல ஒட்டி வெச்சிருக்கே.

சரி, மாவள்ளிக்குப் போய் உள்ள நுழைஞ்சதும் எதைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்றேன். பழைய போட்டோ மாட்டியிருப்பாங்க, அதுக்கு முன்னால நின்னு படம் எடுத்துக்கோ. வெள்ளி டம்ளர்ல காபி கொடுப்பாங்க, அதையும் எடுத்துக்கோ. அன்னிக்கு ராத்திரியே நூறு வெள்ளி டம்ளருக்கு ஆர்டர் போட்டுட்டா, முக்கால்வாசி எம்.டி.ஆர். ஆயிட்டேன்னு வெச்சுக்கலாம். டம்ளருக்குள்ள ஊத்தின டிகாஷன் எப்ப இறக்கினதுன்னு மட்டும் கேட்டுடாதே. தெரிஞ்சுக்கிட்டா, காலையில இறக்கினதைச் சாயங்காலம் வரைக்கும் சுட வெச்சு ஓட்டற உன் மாஸ்டரைத் திட்ட வேண்டி வரும். அவன் கோவிச்சுக்கிட்டு நின்னுடுவான்.

பாத்திரம் கழுவற பக்கம் எட்டிப் பார்க்காதே. கடை மூடற நேரத்துல மிஞ்சின மாவு எங்க போகுதுன்னு கேக்காதே. அங்க இருக்கிறதுலயே வயசான சமையல்காரர்கிட்ட, எத்தனை வருஷமா இருக்கீங்கய்யான்னு கேக்கவே கேக்காதே. உன் கடையில பொங்கலுக்குச் சேர்ந்த தோசை மாஸ்டர் சித்திரைக்கு இருக்கிறதில்லை. அவர் சொல்ற வருஷத்தைக் கேட்டா உனக்குத் தலை சுத்தும். மூணு மாசத்துக்கு ஒருத்தன் தோசை ஊத்தற இடத்துல ருசி எப்படி ஒண்ணா இருக்கும்னு யாராவது கேட்டா, 'சென்ட்ரல் கிச்சன்'னு சொல்லிடு. அந்த வார்த்தையைக் கேட்டா பாங்க் மேனேஜரே எந்திரிச்சு நிப்பாரு.

இந்த சென்ட்ரல் கிச்சனைப் பத்தியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரியில மாவு அரைச்சு வேன்ல ஏத்தி ஓசூருக்கும் சென்னைக்கும் அனுப்பறேங்கிறியே, ஓசூர்க் குளிருல மாவு காலை வரைக்கும் பொங்காது. அதே மாவு சித்திரை மாசம் வேலூர் தாண்டறதுக்குள்ள மூடியைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்து பார்க்கும். தண்ணி மாறினா பருப்பு வேகற பதம் மாறும். பால் மாறினா காபி மாறும். ஊருக்கு ஊர் உப்புத் தண்ணி, நல்ல தண்ணின்னு இருக்கில்ல? இதையெல்லாம் முதல் கடையில ஒரு கோடை, ஒரு மழை, ஒரு மார்கழின்னு நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும். நீ பார்க்க வேண்டியதில்லை. உனக்கு மேப்பு இருக்கு, குண்டூசி இருக்கு.

உங்கப்பன் நேத்து ராத்திரி என் கட்டில்கிட்ட வந்து உட்கார்ந்தான். கால் வலிக்குதாப்பான்னு கேட்டான். இத்தனை வருஷத்துல கேக்காதவன் கேட்டதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. ஏரிக்கரை ரெண்டு ஏக்கர் பத்திரத்தை பாங்க்ல வெச்சா முதல் அஞ்சு கிளைக்கு ஆகுமாம். அந்த நிலத்துல நெல்லு போட்டுப் பொய்த்த வருஷமும் உண்டு, விளைஞ்ச வருஷமும் உண்டு. மேப்புல குண்டூசி குத்தி அதுல ஒரு படி நெல்லுகூட நான் எடுத்ததில்லை.

அதனால ஒரு பேச்சு வெச்சுக்குவோம். பெங்களூருக்குப் போ, வயிறாரச் சாப்பிடு, அடுப்படியை நல்லாப் பாரு. வந்ததும் உன் கடைக் கதவுல இருக்கிற போர்டைக் கழட்டு. அடுப்படியைக் கழுவி, அடுக்கி, பழைய மாவைக் கொட்டிட்டு, அந்த வழியா வாடிக்கையாளரை நடக்க விடு. ஒரு வருஷம். பார்த்துட்டுப் போனவன் உட்கார்ந்து சாப்பிட்டு, மறுநாள் பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு வர்றானான்னு பாரு. வந்தா ரெண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடு, பத்திரத்தை நானே எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன். வரலேன்னா உனக்கு வேண்டியது இருபத்தஞ்சு கடை இல்லை, ஒரு நல்ல அடுப்படி. அதுக்கு பாங்க் கடன் வேண்டாம்டா, நாலு விளக்குமாறு போதும்.